இரண்டு மணிக்குப் பொழுதுபடும் வீடு

எங்கள் வீட்டில் பின்னேரம் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். மொன்றியல் நகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களை இரவிரவாகக் கூட்டித் துடைக்கிற இரண்டு பேருக்கு ஊர் உலகத்தோடு ஒத்த பின்னேரம் எங்கிருந்து வரும்? மற்றவர்கள் வேலை முடிந்து மெற்றோவிலிருந்து ஏறி வருகிற படிகளில் நானும் என் மனுசனும் இறங்கிப் போவோம். அவர்கள் சோபாவில் சாய்ந்து காலை நீட்டும்போது, அவர்கள் குடித்துவிட்டுப் போட்ட கோப்பிக் கோப்பைகளை நாங்கள் பொறுக்கிக்கொண்டிருப்போம். விடியப்புறம் வந்து படுத்தால் மத்தியானம் எழும்புவோம். சோற்றைத் தின்றுவிட்டு ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்போம். வெளியே வெயில் எறிக்கும். எல்லோரும் வேலையில் இருக்கிற நேரத்தில் நாங்கள் மட்டும் கள்ளர் போல வீட்டுக்குள் இருப்போம்.

அப்படியான ஒரு நாளில்தான் மனுசன் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். ரீவியில் கொளுவினால் எல்லா நாட்டுச் சனலும் வரும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். முதலில் தமிழ்ச் சனல்களைப் பார்த்தோம். எதைத் திருப்பினாலும் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், இல்லாவிட்டால் இன்னொரு பெண் அவளை அழவைத்துக்கொண்டிருந்தாள். "உதைப் பாக்கிறதுக்கே நாடு விட்டு நாடு வந்தனாங்கள்?" என்று சொல்லிக்கொண்டு ரிமோட்டை அமத்தி அமத்திப் போனவர், ஒரு பிரித்தானிய சனலில் நின்றார். திரையில் இருட்டு. மழையில் நனைந்த ஒரு தெரு. கோட்டுப் போட்ட ஒருவர் எங்களை நேராகப் பார்த்து, "குட் ஈவினிங்" என்றார்.

இங்கிலாந்து எங்களைவிட ஐந்து மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. அதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த விசயம்தான். ஆனாலும் மனுசன் யன்னலைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், அங்கை பொழுது பட்டிட்டுது. எங்களுக்கும் ஒருத்தன் குட் ஈவினிங் சொல்லிப்போட்டானப்பா."

எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடினார். மேசை விளக்கைப் போட்டார். நான் பால் விடாத பிளேன்ரீ ஊற்றினேன். "அவ்வளவு காலம் எங்களை ஆண்டவங்கள். ஒரு பின்னேரத்தையாவது திருப்பித் தரட்டும்," என்று சொல்லித் தன் கதிரையில் சாய்ந்தார். அன்றிலிருந்து அது எங்கள் பின்னேரம்.

அதற்கு அவர் ஒரு சட்டமும் போட்டார். இரண்டு மணிக்கு மேல் கதவு திறப்பதில்லை. மணி அடித்தாலும் இல்லை, ரெலிபோன் அலறினாலும் இல்லை. ஆறு மணிக்குச் சீருடையைப் போடும் வரைக்கும் இது இங்கிலாந்து. அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், ஒருநாள் மூன்று மணிக்கு வந்து மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த கத்தரிக்காய்ப் பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டா. கனகாலம் அதைச் சொல்லிக் காட்டினா. "பட்டப்பகலிலை சீலையை மூடிப்போட்டு ரீவி பாக்கிற குடும்பத்தை நான் வேறை எங்கையும் காணேல்லை," என்று கோயிலில் வைத்தே சொன்னா. சொல்லட்டும் என்று விட்டோம்.

அந்தப் பின்னேரத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் திறம். முதலில் பழைய சாமான்களுக்கு விலை சொல்லும் நிகழ்ச்சி. வெள்ளைக்கார மனுசர் வீட்டுப் பரணில் கிடந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய மாளிகைப் புல்வெளியில் வரிசையில் நிற்பார்கள். ஒருமுறை ஒரு கிழவி கருங்காலி யானையொன்றைக் கொண்டுவந்தா. தன் பாட்டன் சிலோனில் தோட்டத்துரையாக இருந்தபோது கிடைத்தது என்றா. "கிடைச்சதோ? கிடைச்சதோ?" என்று மனுசன் கதிரையால் எழும்பிவிட்டார். "கள்ளரே! அது எங்கடை! திருப்பித் தாங்கோடா!" பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். அவர் திருப்பித் தட்டினார்.

அது முடியக் கேள்வி-பதில் போட்டி. அதற்குப் பிறகு மரக்கறி வளர்க்கிறவர்களின் போட்டி, கிழமைக்கு ஒருவரைக் கழித்துவிடுவார்கள். கடைசியில் துப்பறியும் நாடகம். படம் போல அழகான ஒரு கிராமம், கிழமைக்கு ஒரு கொலை. "உந்த ஊரிலை இன்னும் ஆர்தான் மிஞ்சியிருக்கினம்?" என்று மனுசன் ஒவ்வொரு முறையும் கேட்பார். பிறகு காலநிலை. நாளைக்கு இங்கிலாந்தில் மழை என்பார்கள். "குடையை எடும்," என்று சொல்லிக்கொண்டு அவர் எழும்புவார், நாங்கள் வேலைக்கு வெளிக்கிடுவோம்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் உயிரை விட்டது மரக்கறிப் போட்டிக்குத்தான். அதில் பஸ் ஓட்டுகிற ஒரு மனுசி இருந்தா. பெருத்த உடம்பு, சிடுமூஞ்சி. நடுவர்கள் ஏதாவது குறை சொன்னால் முகத்துக்கு நேரே முறைப்பா. அவ வளர்த்த லீக்ஸ் தண்டு ஒவ்வொன்றும் என் முன்னங்கைத் தடிப்பு. மனுசன் அவவின் ஆள் ஆகிவிட்டார். அவ சொன்னபடி எங்கள் பல்கனியில் பெயின்ற் வாளியில் லீக்ஸ் நட்டார். வந்ததோ வெங்காயத்தாள் கணக்கில். ஜான்-டலோன் சந்தைக்குப் போனால் லீக்ஸ் கட்டுகளைத் தூக்கிப் பார்த்து, "உது காணாது, எங்கடை மனுசியின்ரை பெரிசு," என்று கடைக்காரப் பெடியனுக்குத் தமிழில் சொல்லுவார். இரண்டு கிழமை கழித்து வரும் கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் வந்தார்கள். அவவும் வந்துவிட்டா. "அந்த ஞாயிறு மனுசி வெல்லுறா, இருந்து பாரும்," என்றார்.

அந்த ஞாயிறு அவர் இல்லை. இடையில் ஒரு விடியப்புறம், வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. செத்தவிதம் அவருடைய வாழ்க்கையில் மிகச் சின்னப் பகுதி.

செத்தவீடு தொடங்கியதும் மச்சாள் வந்து வீட்டைக் கையில் எடுத்தா. அவவின் வீடு இருக்கிற அஹுன்ட்சிக்கிலிருந்து ஒரு பெட்டி நிறையச் சாமான் வந்தது: குத்துவிளக்கு, செம்பு, வெள்ளை வேட்டி. வில்லரேயில் இருக்கிற எங்கள் சின்ன வீட்டில் படம் வைக்க வேறு இடமில்லை, ரீவி வைத்த மேசை ஒன்றுதான். மச்சாள் ரீவியை வெள்ளை வேட்டியால் போர்த்தி மூடினா. அதற்கு முன்னால் மனுசனின் படத்தை வைத்து மாலை போட்டு விளக்கேற்றினா. ஆக, உயிரோடு இருந்தவரைக்கும் ரீவிக்கு முகம் கொடுத்து இருந்தவரை, செத்தபிறகு அதற்கு முதுகு காட்டி வைத்துவிட்டார்கள்.

"அந்தியேட்டி முடியும் வரைக்கும் இந்த வீட்டிலை ரீவி போடப்படாது," என்றா மச்சாள். அதாவது முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும்.

சனம் வந்தது, இருந்தது, போனது. செத்தவீட்டிலிருந்து போகும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். "போயிட்டு வாறன்" என்றால் திரும்ப ஒரு சாவுக்கு வருகிற மாதிரி ஆகிவிடுமாம். கதைத்துக்கொண்டிருக்கிறவர் பேசாமல் எழும்பிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கிழமை முழுக்க நான் தேத்தண்ணித் தட்டத்தோடு குசினியிலிருந்து வந்தால் கதிரை வெறுமையாக இருக்கும். மனுசனும் அப்படித்தானே போனார். எனக்கு அந்த வழக்கத்தின் மேல் ஒரு வெறுப்பே வந்துவிட்டது.

எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எப்ப வேலைக்குப் போறியள்?" எட்டுச் செலவு, அதாவது எட்டாம் நாள் படையல், முடிய அடுத்தநாள் போகிறேன் என்பேன். "ஓம் ஓம், போகத்தானே வேணும்," என்று தலையாட்டுவார்கள். ஒருவர்கூடத் துடக்கோடு, செத்தவீட்டுத் தீட்டோடு, போகலாமோ என்று கேட்கவில்லை. இதை மனதில் குறித்து வைத்தேன், பேந்து பார்ப்போம் என்று.

எட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து விழுந்தது. ஊரில் பொழுதுபட்ட பிறகுதான் எட்டுப் படைப்பார்கள். இங்கே திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை, இரவில் தெருவில் கார் விடவும் இடம் கிடைக்காது. அதனால் மத்தியானமே படைப்பது என்று மச்சாள் தீர்மானித்தா. கார் விடுவதற்கு வழக்கம் வளைந்து கொடுத்தது. அதையும் குறித்துவைத்தேன். எனக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்குக் கடைசிச் சுற்று. பஸ் ஓட்டுகிற மனுசி வெல்லுகிறாவோ இல்லையோ, அதை நான் அவருக்காகப் பார்க்க வேண்டும், அந்த நேரத்திலேயே, அந்தக் கதிரைக்குப் பக்கத்திலேயே. பிறகு எங்கேயாவது தேடிப் பார்க்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். பின்னேரத்தைப் பிறகு பார்க்க முடியாது.

படையலுக்கு வாழையிலை விரித்தார்கள். மச்சாள் என் மகளைக் கூப்பிட்டா. மகள் இங்கே பிறந்தவள், பகலில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். தமிழ் விளங்கும், சொன்னதை அப்படியே செய்வாள்.

"பிள்ளை, கொப்பருக்கு என்னென்ன விருப்பமோ எல்லாத்தையும் கொண்டுவந்து இலையிலை வை. ஒண்டும் மிச்சம் விடாதை."

மகள் விளைமீன் குழம்பு வைத்தாள். கணவாய்ப் பொரியல் வைத்தாள். டெப்பனர்க் கடையில் வாங்கிய பியர்ப் போத்தலைத் திறந்து வைத்தாள். அவர் சப்புகிற மிட்டாய் வைத்தாள். பிறகு படம் இருந்த மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்தாள். சாம்பிராணிப் புகையில் யாரும் கவனிக்கவில்லை. செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் குசினியில் நெருக்கியடித்து நின்றோம்.

கதவைத் திறந்தபோது முதலில் உள்ளே போனது மச்சாள்.

"இதென்ன கோதாரி!"

மீன் குழம்புக்கும் பியருக்கும் நடுவில், ஒரு பிடி சோற்றில் சாய்ந்தபடி, ரீவி ரிமோட் கிடந்தது.

"மாமி, நீங்கள்தானே சொன்னியள்? அப்பாவுக்கு விருப்பமானது எல்லாம் எண்டு," என்றாள் மகள். அவள் பகிடி விடவில்லை. பயந்துபோய் நின்றாள்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மச்சாள் ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினா. நான் முந்திவிட்டேன். சோற்றுப் பருக்கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டாகிக்கொண்டிருந்தது.

"மச்சாள், படைச்சதை என்ன செய்யிறது?"

"என்ன செய்யிறதெண்டால்? வீட்டுக்காரர் எடுத்துச் சாப்பிடுறது."

"அப்ப நான் எடுக்கிறன்."

"அது சாப்பாடு!"

"அவருக்கு இதுதான் சாப்பாடு," என்றேன். படத்தைத் தூக்கி அவருடைய கதிரையில், ரீவியைப் பார்க்க வைத்தேன். விளக்கை முக்காலியில் பக்கத்தில் வைத்தேன். ரீவியை மூடியிருந்த வேட்டியை உருவினேன். போய் யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

மச்சாள் குறுக்கே வந்து நின்றா. "உனக்கென்ன விசரே? துடக்கு வீடு! சனம் என்ன சொல்லும்? பொழுது படமுன்னம் படைச்சதே பிழை, அதுக்குள்ளை ரீவியோ?"

"இங்கிலாந்திலை பொழுது பட்டிட்டுது. அவருக்கும் இப்பதான் பின்னேரம்."

"எடியே!"

அந்த ஒரு கிழமையாகக் குறித்துவைத்ததெல்லாம் வெளியே வந்தது. "மச்சாள், நாளைக்கு நான் வேலைக்குப் போறன். கக்கூசு கழுவுவன். ஒருத்தராவது துடக்கு, போகாதை எண்டு சொன்னியளோ? கார் விட இடமில்லையெண்டு பகலிலை படைக்கலாம். வேலைக்குப் போகலாம். அவரோடை ஒரு பின்னேரம் இருக்கிறது மட்டும்தான் துடக்கோ? இந்த மனுசன் இருவது வருசமாய் இந்த ஊரிலை ஒரு பின்னேரத்தைக் கண்ணாலை காணேல்லை. இதுதான் அவற்றை பின்னேரம். இதை நிப்பாட்ட ஒருத்தருக்கும் உரிமை இல்லை!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. மச்சாளின் முகம் கறுத்தது.

"போடு. போட்டிட்டு இரு. இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டன். அந்தியேட்டியையும் நீயே தனியச் செய்து பார்."

அது சும்மா பேச்சில்லை. மச்சாள் வராவிட்டால் அவருடைய பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். நானும் மகளும் மட்டும் நின்று அவருக்குக் கடன் கழிக்க வேண்டும். இருந்தும் பொத்தானை அமத்தினேன்.

"குட் ஈவினிங்," என்றது ரீவி.

சனம் சாப்பாட்டைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் பேசாமல் கழன்றது. மச்சாளும் போயிருப்பா. ஆனால் அவவை ஏற்ற மகன் ஆறு மணிக்குத்தான் வருவான், பஸ்ஸில் போகிற பழக்கம் அவவுக்கு இல்லை. கோபித்துக்கொண்டு போகக்கூட வாகனம் வேண்டியிருக்கிறது இந்த நாட்டில். ரீவிக்கு முதுகைக் காட்டி, மனுசனின் படத்துக்கு நேர் எதிரே ஒரு வாங்குப் பலகையைப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தா. நான் இலையிலிருந்து மீனை எடுத்துச் சாப்பிட்டேன். மகள் என் காலடியில் வந்து இருந்தாள்.

பழைய சாமான் நிகழ்ச்சியில் அன்றைக்கு யானை ஒன்றும் வரவில்லை. ஒரு கிழவர் தேநீர்க் கோப்பை கொண்டுவந்தார். கேள்வி-பதிலில் ஒரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியாது. அவருக்கும் தெரியாது, ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் சத்தமாகப் பிழையான விடை சொல்லுவார். கடைசியில் மகள், "பரீஸ்!" என்று கத்தினாள். பிழை. "அப்பாவும் எல்லாத்துக்கும் பரீஸ்தானே சொல்லுறவர்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். மச்சாள் அசையவில்லை.

பிறகு மரக்கறிப் போட்டி. பஸ் ஓட்டுகிற மனுசி நல்ல சட்டை போட்டு, தலைமயிர் வாரி வந்திருந்தா. மேசையில் அவவுடைய லீக்ஸ் வெள்ளை வெளேரென்று கிடந்தன. பக்கத்தில் ஒரு மெல்லிய மனிதர், கழுத்துப் பட்டியோடு, சின்னச் சின்னக் கரட். நடுவர்கள் அளந்தார்கள், வெட்டினார்கள், மணந்து பார்த்தார்கள். நின்று நின்று கதைத்தார்கள். "குடுங்கோவன், சனியனே," என்றேன்.

கழுத்துப் பட்டிக்காரருக்குக் கொடுத்தார்கள்.

"கள்ளரே!" என்று எழும்பிவிட்டேன். "கள்ளரே, கரட்டுக்கோ குடுக்கிறியள்!" சொல்லிக்கொண்டே, பாத்தியளோ, நீங்கள் சொன்னது பிழைச்சுப்போச்சு என்று அவருக்குச் சொல்லக் கதிரைப் பக்கம் திரும்பினேன். படம் இருந்தது. சொல்லுவதற்கு ஆள் இல்லை. சவப்பெட்டியை மூடியபோதும், எரித்தபோதும் விளங்காத விசயம் அந்தக் கரட்டுக்குப் பரிசு கொடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. நின்ற நிலையில் குழறி அழுதேன். மகள் என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. 

"அநியாயம். அந்த மனுசியின்ரைதானே பெரிசு."

நான் அழுகையை நிறுத்திவிட்டு மச்சாளைப் பார்த்தேன். முதுகு இன்னும் ரீவிக்குத்தான். "நீங்கள் எங்கை கண்டனீங்கள்?"

"நான் தம்பியின்ரை படத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றா. குனிந்து பார்த்தேன். படத்தின் கண்ணாடியில், மனுசனின் நெற்றிக்கும் மாலைக்கும் நடுவே, ரீவி முழுசாகத் தெரிந்தது. பழைய சாமானிலிருந்து கரட் வரைக்கும் அவ்வளவையும் தன் தம்பியின் முகத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, வாங்கை மெல்லத் திருப்பிப் போட்டா.

துப்பறியும் நாடகத்தில் அன்றைக்கு ஒரு செத்தவீடு வந்தது. கறுப்பு உடுப்போடு எல்லோரும் நின்று சான்ட்விச் சாப்பிட்டார்கள். "உதென்ன, சமைக்கவும் ஆளில்லையோ?" என்றா மச்சாள். கொலைகாரன் பாதிரியார் இல்லை, தோட்டக்காரன்தான் என்று அடித்துச் சொன்னா. பிழை. தம்பியும் அக்காவும் ஒரே அச்சு. பிறகு காலநிலை. நாளைக்கு இங்கிலாந்தில் மழை. ஒருவரும் குடையைப் பற்றிச் சொல்லவில்லை.

வெளியே மச்சாளின் மகனின் கார் ஹோர்ன் அடித்தது. மச்சாள் கோட்டைப் போட்டு, சப்பாத்தை மாட்டி, கைப்பையை எடுத்தா. நான் வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பேசாமல் போகட்டும், இனி வராவிட்டாலும் போகட்டும், நான் போட்ட ரீவியைப் பற்றி எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. கதவு திறந்த சத்தம் கேட்டது. மூடின சத்தம் கேட்கவில்லை.

"போயிட்டு வாறன்," என்றா மச்சாள்.

எட்டுப் படைத்த வீட்டில், படத்துக்கு முன்னால் விளக்கு எரிய, எங்கள் குடும்பத்தில் வழக்கம் பார்க்கிற ஆளே அதைச் சொன்னா. என்னைப் பார்க்கவில்லை. கதிரையைப் பார்த்துச் சொன்னா.

"வாங்கோ மச்சாள்," என்றேன். "ஆனால் இரண்டு மணிக்கு முன்னம் வாங்கோ. அதுக்குப் பிறகு கதவு திறக்க மாட்டம்."